மலையிறங்கும் முன் ஒரு மடல்

பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, வில்பட்டி, பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் என்று பழனி மலைத்தொடர் எங்கும் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு,



"பிள்ளையை ஒருமுறை அசெஸ்மென்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வாங்க" என்று வகுப்பாசிரியர் சொன்ன அன்று உங்களில் பலருக்குத் தூக்கம் போயிருக்கும். மூளையில் ஏதும் கோளாறா, ஊசி போடுவார்களா, மனநல ஆஸ்பத்திரிக்கா போகவேண்டும் என்றெல்லாம் வீட்டில் பேச்சு வந்திருக்கும். "இவன் அப்பனும் எட்டு வயசு வரைக்கும் எழுத்துக்கூட்டத் தெரியாமத்தான் இருந்தான்" என்று அப்பத்தா சமாதானம் சொல்லியிருப்பார். "படிப்பு ஏறலேன்னா பூண்டுக் காட்டுக்கு ஒரு ஆளாச்சு" என்று சித்தப்பா சிரித்திருப்பார். இந்த மலையில் சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்க்கிற எனக்கு இந்தப் பேச்செல்லாம் பழக்கம். இத்தனை பேச்சுக்கும் நடுவே, அந்த அறைக்குள் என்னதான் நடக்கும் என்று உங்களிடம் யாரும் பொறுமையாகச் சொல்லவில்லை. அதற்காகவே இந்த மடல்.

சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கிருந்து நீங்கள் கேட்டு வாங்கி வரவேண்டியது ஒரு வேலைத்திட்டம். பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது, எது வரவில்லை, ஏன் வரவில்லை, நாளைக்கு வகுப்பில் எதை மாற்ற வேண்டும் என்ற நான்குக்கும் விடை வேண்டும். ஒரு எண்ணையும் ஒரு குறைபாட்டின் பெயரையும் மட்டும் எழுதிக் கையில் கொடுத்தால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். தோட்டத்து மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுப்பது நிலத்துக்கு விலை போடுவதற்காகவா? எந்தச் சத்து குறைகிறது, எதை எவ்வளவு இட வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தானே. இதுவும் அப்படித்தான்.

யாருக்கு இது தேவைப்படும்? 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் உங்கள் பிள்ளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் எதில் இருக்கிறாள் என்று ஆசிரியர் சொல்லியிருப்பார். தவறாமல் பள்ளிக்குப் போய், ஆசிரியரும் தனியாக நேரம் கொடுத்து, மூன்றாம் வகுப்பு முடியும்போதும் அரும்பிலேயே நிற்கிற பிள்ளையைக் கவனிக்க வேண்டும். வாயால் கதை சொல்லச் சொன்னால் அழகாகச் சொல்வான், அதையே எழுதச் சொன்னால் இரண்டு வரியில் பேனாவை வைத்துவிடுவான். ஒரு பக்கத்தில் படித்த சொல்லை அடுத்த பக்கத்தில் புதிதாகப் பார்ப்பதுபோல் விழிப்பான். சந்தையில் மீதிச் சில்லறையை மனத்துக்குள் கணக்குப் போட்டு வாங்குகிற பெண், நோட்டில் கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறுவாள். இப்படிப் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் தெரிந்தால் மதிப்பீடு தேவை.

தமிழ் எழுத்தில் இது எப்படி வெளிப்படும் என்பதையும் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கல் என்பது கால் ஆகும், கொடி என்பது கோடி ஆகும். மெய்யெழுத்தின் மேல் புள்ளி இருக்காது. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தப்பான எழுத்தின் பக்கத்தில் போய் உட்காரும். சொல்லின் நடுவே ஓர் எழுத்து காணாமல் போகும். எழுத்துகளைத் தனித்தனியாகச் சரியாகச் சொல்லிவிட்டு, சேர்த்துச் சொல்லும்போது வேறொரு சொல் வரும். ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள். பட்டம் வாங்கியவர்களும் தடுமாறுகிற இடம் அது. குறில் நெடில் குழப்பமும் எழுத்துக்கூட்டுவதில் சிரமமும் வருடக்கணக்கில் மாறாமல் இருப்பதுதான் கனமான அறிகுறி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் ஓடி ஆடிச் சத்தம் போடுகிற பையன் சீக்கிரம் ஆசிரியர் கண்ணில் பட்டுவிடுகிறான். கடைசி வரிசையில் அமைதியாக, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிற பெண் பிள்ளை ஐந்தாம் வகுப்பு வரை தப்பிவிடுகிறாள். "அடக்கமான பிள்ளை" என்ற நல்ல பெயரே அவளுக்கு எதிரியாகிவிடும். ஒரு பத்தியைத் தனியாகப் படித்துக் காட்டச் சொல்லி வீட்டில் நீங்களே கேட்டுப் பாருங்கள்.

மதிப்பீட்டுக்கு நாள் குறிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். மலைக்குளிரில் சளி பிடித்தபடியே வளர்கிற பிள்ளைகள் நிறைய. காதுக்குள் நீர் கோத்து அரைகுறையாகக் கேட்கிற பிள்ளைக்குக் ககரமும் தகரமும் ஒன்றுபோலக் கேட்கும். கரும்பலகை மங்கலாகத் தெரிகிற பிள்ளை எழுத்தைத் தப்பாகத்தான் எழுதுவாள். இந்த இரண்டும் சரியாக இருக்கின்றன என்று உறுதி செய்யாமல் 'கற்றல் குறைபாடு' என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அந்த அறிக்கைக்கு அடித்தளமே இல்லை. ரத்தசோகை, தைராய்டு, வலிப்பு, சரியான தூக்கம் இல்லாமை ஆகியவற்றைப் பற்றியும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? தனியார் உளவியலாளரிடம் போனால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதற்கு முன் இலவச வழியைக் கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனுள்ள மாணவர்களுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாம்களையும் நடத்துகிறார்கள். 2013 முதல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்கிரம் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிகளுக்கே வந்து 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்க்கிறது; அவர்கள் எழுதித் தந்தால் மாவட்ட அளவிலான ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குப் போகலாம். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஆகியவற்றின் குழந்தைகள் நலப் பிரிவையும் மனநலப் பிரிவையும் நேரடியாகவும் அணுகலாம். மனநலப் பிரிவின் பெயர்ப்பலகையைப் பார்த்துத் தயங்காதீர்கள். இந்தச் சோதனைகளைச் செய்யப் பயிற்சி பெற்ற உளவியலாளர் பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் உட்கார்ந்திருப்பார்.

தனியாரிடம் போவதாக இருந்தால் கூசாமல் ஒன்றைக் கேளுங்கள்: "உங்களுக்கு ஆர்.சி.ஐ. பதிவு இருக்கா?" ஆர்.சி.ஐ. என்னும் இந்திய மறுவாழ்வு மன்றம் 1992-ம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. மருத்துவ உளவியலாளரும் சிறப்புக் கல்வியாளரும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும். கைரேகையை மெஷினில் வைத்துப் பிள்ளையின் அறிவைச் சொல்கிறேன் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதற்கும் கல்வி மதிப்பீட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இனி, மலைக்காரர்களுக்கு மட்டும் உரிய ஒரு விஷயம். காலை 10 மணிக்கு மதுரையில் இருக்க வேண்டும் என்று விடிகாலை பஸ்ஸில் பிள்ளையை ஏற்றி, வத்தலக்குண்டு வரை கொண்டைஊசி வளைவுகளில் சுற்றி இறக்கி, இரண்டு முறை வாந்தி எடுத்த பிள்ளையை வெறும் வயிற்றோடு சோதனை மேசையில் உட்கார வைத்தால் அன்று வருகிற மதிப்பெண் அந்தப் பிள்ளையுடையது ஆகாது. வாந்தி வராமலிருக்க மாத்திரை கொடுத்து அழைத்துப் போவதும் சிக்கலே. அந்த மாத்திரைகளில் பல தூக்கத்தைத் தரும். கவனத்தையும் வேகத்தையும் அளக்கிற சோதனையில் தூங்கி வழிகிற பிள்ளை என்ன செய்யும்? முடிந்தால் முந்தின நாளே இறங்கிச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். முடியாதென்றால் மதியத்துக்கு நேரம் கேளுங்கள். சாப்பிட்டுக் கொஞ்சம் ஓய்வெடுத்த பின் உள்ளே போகட்டும். பயணத்தில் பட்ட பாட்டையும் கொடுத்த மாத்திரையையும் உளவியலாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை. கண்ணாடி போடுகிற பிள்ளைக்குக் கண்ணாடியை எடுத்து வைக்க மறக்காதீர்கள்.

பையில் எடுத்துப் போக வேண்டியவை: பள்ளி நோட்டுகள், குறிப்பாகக் கட்டுரை நோட்டும் கணக்கு நோட்டும், இரண்டு மூன்று வருடத்து மதிப்பெண் அட்டைகள், பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த தாள்கள், கண், காது பரிசோதனைச் சீட்டு, வகுப்பாசிரியர் தன் கையால் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. "எப்போது கவனிக்கிறான், எப்போது தொலைந்துபோகிறான், எதைக் கேட்டால் முகம் மலர்கிறது" என்று ஆசிரியரை எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளையே வரைந்த படமோ செய்த பொருளோ இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

அங்கே முதலில் நடப்பது உங்களுடன் பேச்சு. கர்ப்பகாலம், பிரசவம், பிறந்ததும் அழுததா, எப்போது நடந்தது, எப்போது பேசியது, காய்ச்சலில் வலிப்பு வந்ததா, குடும்பத்தில் வேறு யாருக்கும் படிப்பில் இந்தச் சிரமம் இருந்ததா என்றெல்லாம் கேட்பார்கள். உங்கள் மேல் குற்றம் கண்டுபிடிக்கவா கேட்கிறார்கள் என்று தோன்றும். இல்லை. எழுத்துக்கூட்டும் சிரமம் குடும்பங்களில் வழிவழியாக வருவது உலகெங்கும் தெரிந்த செய்தி. அப்பத்தா சொன்னாரே அப்பனும் அப்படித்தான் என்று, அது அங்கே மிக முக்கியமான தகவல். வீட்டில் சண்டை, குடிப்பழக்கம், அண்மையில் நடந்த சாவு, பள்ளி மாற்றம், விடுதியில் விட்டது என எதையும் மறைக்காதீர்கள். துக்கத்திலும் பயத்திலும் இருக்கிற பிள்ளைக்கும் படிப்பு ஓடாது. அதற்கும் கற்றல் குறைபாட்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

"தானே குளிப்பானா, கடைக்குத் தனியாகப் போய் வருவானா, பணத்தைக் கையாள்வானா" என்றும் கேட்பார்கள். சமூக முதிர்ச்சியை அளக்கும் பகுதி அது. இங்கே மலைப்பிள்ளைகளின் பெற்றோர் வாய் திறந்து பேச வேண்டும். மாட்டை ஓட்டிப் போய்ப் பொழுது சாயத் திரும்பக் கொண்டுவருவான், பீன்ஸ் பறித்துத் தரம் பிரிப்பாள், தம்பியைப் பார்த்துக்கொண்டு சோறு வடிப்பாள், காட்டில் எந்தத் தடம் எங்கே போகும் என்று தெரியும் என்பதெல்லாம் திறமைதான். அச்சடித்த கேள்வித்தாளில் இதற்கென்று கட்டம் இருக்காது. நீங்கள் சொன்னால்தான் எழுதுவார்கள்.

பிறகு பிள்ளை தனியாக உள்ளே போகும். நீங்கள் வெளியே இருக்கச் சொல்வார்கள், அது வழக்கம். ஊசியும் ஸ்கேனும் மருந்தும் கிடையாது. மேசையில் தாள், பென்சில், படங்கள், வண்ணக் கட்டைகள். மொத்தம் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகலாம். பலரும் இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வார்கள். அலைய வைக்கிறார்களே என்று சலிக்காதீர்கள். களைத்துப்போன பிள்ளையை வற்புறுத்தாமல் இன்னொரு நாள் வரச் சொல்கிறவர் நல்ல உளவியலாளர்.

சோதனையில் முதல் பகுதி பொது அறிவுத்திறனைப் பார்ப்பது. சொற்களுக்குப் பொருள் சொல்வது, எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்வது, படத்தில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது, கட்டைகளை மாதிரிபோல் அடுக்குவது, குறியீடுகளை வேகமாக நிரப்புவது போன்ற வேலைகள் இருக்கும். இந்தியாவில் அதிகம் பயன்படுபவற்றில் ஒன்று மாலின் அளவுகோல். அமெரிக்கரான டேவிட் வெக்ஸ்லர் 1949-ல் வெளியிட்ட குழந்தைகள் சோதனையை, நாக்பூரில் பணியாற்றிய ஏ.ஜே. மாலின் 1960-களில் இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்தார். அதற்கும் முன்னால், பிரான்சில் 1905-ல் வந்த பினே சோதனையை வி.வி. காமத் 1930-களில் பம்பாய், கர்நாடகப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஏற்பத் திருத்தினார். பினே–காமத் என்ற பெயரில் அதுவும் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. இவற்றின் வயதைச் சொல்வது காரணமாகத்தான். அரை நூற்றாண்டுக்கு முன் நகரத்துப் பிள்ளைகளை வைத்துப் போட்ட அளவுகோலில் நம் மலையிலுள்ள இன்றைய கவுஞ்சிப் பிள்ளை நிற்கும்போது சில இடத்தில் அளவு பிசகும். ஆல்ஃபிரட் பினே அந்தச் சோதனையை உருவாக்கியதே பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளை அடையாளம் காணத்தான். அறிவுத்திறன் ஆயுள் முழுக்க மாறாத அளவு என்று நினைத்தவர்களை அவரே கண்டித்தார்.

இரண்டாம் பகுதி, படிப்பை நேரடியாகப் பார்ப்பது. உரக்கப் படிப்பது, படித்ததைப் புரிந்து விடை சொல்வது, சொல்வதை எழுதுவது, பார்த்து எழுதுவது, சொந்தமாக நான்கு வரி எழுதுவது, கணக்குப் போடுவது. கவனம், நினைவாற்றல், பார்த்த உருவத்தை வரைவது ஆகியவையும் இதோடு சேரும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுதியே இதற்கு நாடெங்கும் வழக்கத்தில் உள்ளது. 5 முதல் 7 வயதுக்கு ஒரு நிலை, 8 முதல் 12 வயதுக்கு இன்னொரு நிலை என்று அதில் உண்டு. கவனச்சிதறல் பற்றிய சந்தேகம் இருந்தால் உங்களிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே ஒரு படிவம் தருவார்கள். இருவரும் கலந்து பேசாமல் நிரப்புங்கள். வீட்டில் ஓர் ஆட்டம், பள்ளியில் ஓர் ஆட்டம் என்றால் அந்த வித்தியாசமே ஒரு தகவல்.

இதற்காகப் பிள்ளைக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுக்காதீர்கள். இணையத்தில் மாதிரி தேடிக் கட்டை அடுக்கப் பழக்கினால் உண்மையான சிரமம் மறைந்துபோகும், கிடைக்க வேண்டிய உதவியும் போய்விடும். அதே காரணத்தால் ஒரே சோதனையைச் சில மாதத்துக்குள் வேறு இடத்தில் திரும்பச் செய்வதிலும் பயனில்லை. பழக்கத்தால் மதிப்பெண் ஏறித் தெரியும்.

சோதனை எந்த மொழியில் நடக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். ஆங்கில வழிப் பள்ளியில் சேர்ந்த பிறகே ஆங்கிலத்தைக் காதால் கேட்ட பிள்ளை, ஆங்கிலப் பத்தியைப் படிக்கத் திணறுவதைக் குறைபாடு என்று எழுதிவிட முடியாது. தமிழிலும் படிக்க வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தைச் சேர்த்துப் படிப்பதில் உண்மையான சிரமம் என்றால் அது இரண்டு மொழியிலும் ஏதோ ஒரு வடிவில் தலைகாட்டும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென்று 2015-ல் கொண்டுவந்த டாலி என்ற சோதனைத் தொகுதியில் முதலில் இடம்பெற்றவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவை. அதற்காகத் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத் தாளை மட்டும் நீட்டிவிட்டு முடித்துக்கொள்ள விடாதீர்கள். பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளைக்கோ, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைக்கோ, புத்தகத் தமிழே இரண்டாம் மொழிபோலத்தான். பேச்சுத் தமிழில் கேள்வியை விளக்கச் சொல்வது உங்கள் உரிமை.

எல்லாம் முடிந்து சில நாளிலோ வாரத்திலோ அறிக்கை வரும். தாளைத் தபாலில் வாங்கிக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்து தமிழில் விளக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அப்பா, அம்மா இருவரும் போங்கள். தாய் மட்டும் தனியாகப் போய்க் கேட்டு வந்து வீட்டில் விளக்கப்போனால், "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்ததுக்கு இது ஒரு சாக்கு" என்று அவள் தலையில் விடியும்.

அறிக்கையில் இரண்டு எண்கள் ஏமாற்றும். ஒன்று ஐ.க்யூ. என்ற அறிவுத்திறன் எண். அதில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85-க்கும் 115-க்கும் இடையில் இருப்பார்கள். 92 வந்த பிள்ளைக்கும் 97 வந்த பிள்ளைக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. இன்னொரு நாள் செய்தால் இடம் மாறலாம். உட்பகுதிகளுக்குள்ளே ஒன்று மிக உயரமாகவும் ஒன்று மிகத் தாழ்வாகவும் இருந்தால் மொத்த எண்ணை ஒதுக்கிவிட்டு அந்த ஏற்ற இறக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற குறிப்பு அங்கேதான் இருக்கும். மற்றொன்று பெர்சென்டைல். 30-வது பெர்சென்டைல் என்றால் நூற்றுக்கு 30 மதிப்பெண் எடுத்துத் தோற்றுவிட்டாள் என்று பொருள் கொள்ளாதீர்கள். அதே வயதுள்ள நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் ஏறக்குறைய முப்பது பேரைத் தாண்டி நிற்கிறாள் என்பதே பொருள். அது சராசரிக்குள் அடங்குகிற இடம்.

அந்தச் சந்திப்பில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்:

என் பிள்ளையின் பலம் எது, அதை வைத்துப் பாடத்தை எப்படிச் சொல்லித் தருவது?

சிரமம் எழுத்தை ஒலியாக மாற்றுவதிலா, நினைவிலா, கவனத்திலா, கை எழுதும் வேகத்திலா?

வகுப்பாசிரியர் நாளையே செய்யக்கூடிய மூன்று மாற்றங்கள் என்ன?

வீட்டில் தினமும் நாங்கள் என்ன செய்யலாம்? எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது என்றால் எதைச் செய்யலாம்?

மறுபடி எப்போது பார்க்க வேண்டும், முன்னேற்றத்தை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

கடைசிக் கேள்விக்கு முந்தினதை வெட்கப்படாமல் கேளுங்கள். எழுத்து தெரியாத தாயும் கதை சொல்லலாம். பிள்ளை படிக்க, உட்கார்ந்து கேட்கலாம். இரண்டுக்கும் உளவியலாளர் வழி சொல்ல வேண்டும்.

இனிச் சான்றிதழ். அறிக்கை வேறு, சான்றிதழ் வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதில் உள்ள 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 2018 ஜனவரியில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைப்படி 8 வயது நிறைந்த பிறகே சான்றிதழ் தந்தார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பார்த்தார்கள். 18-ல் தந்தது ஆயுள் முழுக்கச் செல்லும் என்றிருந்தது. முதலில் ஐ.க்யூ. பார்த்து, அது 85-க்கு மேல் இருந்தால் நிம்ஹான்ஸ் தொகுதியால் சோதிக்க வேண்டும் என்றது அந்த நெறிமுறை. 2024-ல் நெறிமுறைகள் திருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே விண்ணப்பிக்கும்போது நடைமுறையில் இருப்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாரிடம் வாங்கிய அறிக்கை உதவியாக இருக்கும், ஆனால் சான்றிதழைத் தருவது அரசு மருத்துவக் குழுதான். யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கும் அதே வழி.

ஐ.க்யூ. 70-க்கும் 85-க்கும் இடையில் வந்த பிள்ளைகள் அந்த 2018 நெறிமுறையில் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். அறிவுத்திறன் குறைபாடு என்றும் சொல்ல முடியவில்லை, கற்றல் குறைபாட்டுச் சான்றிதழும் கிடைக்கவில்லை. ஏ.டி.எச்.டி. என்ற கவனச்சிதறலும் அந்த 21 வகைகளில் தனியாக இல்லை. "சான்றிதழ் இல்லையே, அப்போ நாங்க என்ன செய்ய?" என்று பள்ளியில் கையை விரித்தால் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது, பாடத்தை வாயால் கேட்டு விடை வாங்குவது, எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பது, வீட்டுப்பாடத்தைப் பாதியாக்குவது, எல்லார் முன்னிலும் எழுப்பிப் படிக்கச் சொல்லாமல் இருப்பது ஆகியவற்றுக்கு எந்த முத்திரையும் தேவையில்லை.

சான்றிதழ் இருந்தால் என்ன கிடைக்கும்? பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளைத் தேர்வுத்துறை தருகிறது. தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின மாதம் ஓடினால் நடக்காது. குறைபாடு 40 சதவீதத்தை எட்டினால் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் வழி உண்டு. விலக்குக் கேட்கும் முன் ஒன்றை யோசியுங்கள். இன்று விட்ட மொழி நாளை வேண்டிய படிப்புக்கோ வேலைக்கோ தேவைப்படலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள்.

"பெண் பிள்ளைக்கு இந்தச் சர்டிபிகேட் வாங்கினா நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது என்ன சொல்வாங்க?" என்று கேட்கிற தாய்மார் உண்டு. கவலை நியாயமானது. அறிக்கையைப் பள்ளிக்குக் கொடுப்பதும் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதும் உங்கள் விருப்பம். ஊரில் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. பள்ளிக்கு முழு அறிக்கையைத் தராமல், வகுப்பில் செய்ய வேண்டியவை மட்டும் உள்ள பக்கத்தைத் தனியாக எழுதி வாங்கித் தரலாம். ஆனால் ஊர்ப் பேச்சுக்குப் பயந்து மதிப்பீட்டையே தள்ளிப்போட்டால் அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் நின்றுவிடுவாள். அதற்கப்புறம் ஊர் பேசுவது இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

பிள்ளையிடம் என்ன சொல்லிக் கூட்டிப் போவது? கோயிலுக்குப் போகிறோம், சினிமாவுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லாதீர்கள். "உனக்குப் படிக்கச் சிரமமா இருக்குல்ல, எப்படிச் சொல்லிக் கொடுத்தா உனக்கு ஏறும்னு ஒரு அக்கா பார்க்கப் போறாங்க. பாஸ் ஃபெயில் கிடையாது. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லலாம்" என்பது போதும். வந்த பிறகும் அதே நேர்மை வேண்டும். "உன் புத்தியில குறை இல்லை, எழுத்து மட்டும் உனக்குப் பிடிபட நேரமாகுது, அதுக்கு வேற வழி இருக்கு" என்று வெளிப்படையாகச் சொன்னால் பிள்ளையின் முதுகு நிமிரும். மக்கு, சோம்பேறி என்ற பட்டங்களை வருடக்கணக்காகச் சுமந்த பிள்ளைக்குச் சரியான காரணம் தெரிவதே பாதி நிம்மதி. தம்பி தங்கையோடு ஒப்பிட்டுப் பேசுவதை அன்றோடு நிறுத்துங்கள்.

அறிக்கை வந்தால் மறுமாதமே எல்லாம் மாறிவிடாது. எழுத்தை ஒலியாகப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சி தினமும், கொஞ்சங்கொஞ்சமாக, பல மாதங்கள் நடக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்த முறைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. முறை தெரிந்த ஓர் ஆசிரியர் இந்த மலையில் கிடைத்தாலும் அவர் வருகிற நாள்களை எண்ணி விடலாம். ஆகவே தனித்தனியாக நாம் பஸ் ஏறிக்கொண்டிருந்தால் போதாது.

கொடைக்கானல் நகரத்தில் நூறாண்டு தாண்டிய விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. இவை போன்ற பெரிய கட்டணப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைக்குத் தனி ஆசிரியரையும் உளவியலாளரையும் தேடிப் பிடிக்கப் பெற்றோருக்கு வசதி இருக்கிறது. 2016 சட்டமோ, கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்கும் பொறுப்பை அரசுப் பள்ளிக்கும் சேர்த்தே வைத்திருக்கிறது. கட்டணம் கட்ட முடியாதவர் பிள்ளைக்கும் அதே உரிமைதான்.

அந்த உரிமையைக் கேட்க உங்கள் கையிலேயே ஓர் இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாமல் மூன்றைக் கேட்டுத் தீர்மானமாக எழுத வையுங்கள். மூன்றாம் வகுப்பு முடித்தும் ஒரு பத்தி படிக்க முடியாத பிள்ளைகள் நம் பள்ளியில் எத்தனை பேர்? அவர்களின் கண்ணும் காதும் பார்த்தாயிற்றா? மதிப்பீட்டு முகாமைக் கீழே நடத்தி நம்மை இறங்கச் சொல்வதற்குப் பதிலாக, உளவியலாளரையும் மருத்துவக் குழுவையும் மேல்மலைக்கு ஒரு முகாம், கீழ்மலைக்கு ஒரு முகாம் என்று ஏற்றி அனுப்ப முடியுமா? ஒரு தாய் தனியாகக் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பார்கள். பத்துப் பள்ளிகளின் தீர்மானம் ஒரே மாதத்தில் வட்டார வள மையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

தீர்மானத்தை எழுத உதவி வேண்டுமானால் கூப்பிடுங்கள், வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மலையின் சிறப்புப் பயிற்றுநர் ஒருவர்